கயிற்றின் மறுமுனை

தேரின் விரைவைப் புகழ்வதில் நம் முன்னோர் சளைத்தவரல்லர். முல்லைத் திணையின் தலைவன் வினை முடித்து மீளுங்கால், பாகனை விளித்துத் தேரை விரைந்து செலுத்துமாறு வேண்டுகிறான். நளன் பாகனாய் அமர்ந்த தேரிலிருந்து நழுவி வீழ்ந்த மேலாடையை எடுக்கச் சொல்லி வாய் திறப்பதற்குள், தேர் நெடுந்தொலைவு கடந்துவிட்டதாகக் கதை கூறுகிறது. இவை யாவும் விரைவின் புகழ். கூட்டாமலும் குறைக்காமலும் ஒரே கதியில் தேரை நடத்திய பாகனைப் புகழ்ந்த கதை ஏதும் என் நினைவுக்கு வரவில்லை. விரைவு கண்ணுக்குப் புலனாகும் பொருள், சீர்மை அவ்வாறன்று. அது குலைந்த பின்னரே, அதுவரை அது அங்கிருந்தது என்பதை உணர்கிறோம்.

இவ்வாறு புகழ் பெறாது போன ஒரு பாகனைப்பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். அவன் குதிரை பூட்டிய தேரைச் செலுத்துபவன் அல்லன். இயந்திரப் படகைச் செலுத்துபவன். படகு முன்னே ஓடுகிறது. அதன் பின்னே ஏறத்தாழ 20 மீற்றர் நீளமான கயிறு. கயிற்றின் முனையிலுள்ள கைப்பிடியைப் பற்றியவாறு, அகன்ற பலகையொன்றில் இரு கால்களையும் பிணைத்துப் பக்கவாட்டாக நிற்கிறான் ஓர் இளைஞன். படகு பிளந்து செல்லும் நீர் அதன் பின்னால் இருபுறமும் வரம்புபோல் எழுந்து விரிகிறது. அவ்வரம்பில் ஏறி அவன் ஆகாயத்தில் தாவுகிறான், சுழல்கிறான், மறுபுறத்து வரம்பின் சரிவில் வந்திறங்குகிறான். வேக்போர்ட் என்பது இவ்விளையாட்டின் பெயர். கரையில் நிற்போர் கண்கள் எல்லாம் தாவுகின்றவன் மீதே பதிந்திருக்கும். கயிற்றின் மறுமுனையில் முதுகு காட்டி அமர்ந்திருப்பவனை ஒருவரும் நோக்குவதில்லை.

இந்த மறதி இவ்விளையாட்டின் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாய் விரியும் இடத்துக்குப் பெப்பின் ஏரி என்று பெயர். அதன் கரையிலுள்ள லேக் சிற்றி என்னும் ஊரில் வாழ்ந்த றால்ஃப் சாமுவெல்சன் என்ற இளைஞர், பனிமீது சறுக்க முடியுமாயின் நீர்மீது ஏன் சறுக்க முடியாது என்று எண்ணினார். பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார்; பனிச்சறுக்குப் பலகைகளையும் பரீட்சித்தார்; இரண்டும் பயன்படவில்லை. ஈற்றில் 8 அடி நீளமான பைன் மரப் பலகைகள் இரண்டை வாங்கி, அவற்றின் நுனிகளைக் கொதிநீரில் இட்டு வளைத்தெடுத்தார். 1922 ஜூலை 2 ஆம் நாள், தமது பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்திய நாளில், பின்னே சாய்ந்து பலகைகளின் நுனியை நீருக்கு மேலே உயர்த்திப் பிடித்தபோது அவர் நீர்மீது எழுந்து நின்றார். 1966 இல் அமெரிக்க நீர்ச்சறுக்கல் சங்கம் அவரையே இக்கலையின் தந்தையென ஏற்றது. அன்று படகைச் செலுத்தியவர் அவருடைய சகோதரர் பென். தம்பியோ தமையனோ மீண்டும் மீண்டும் நீரில் விழ, மீண்டும் மீண்டும் படகைத் திருப்பிக் கொணர்ந்து இழுக்கும் பொறுமை ஒருவரிடம் இல்லாதிருப்பின், அந்த ஜூலை மாதம் வெறுமனே கழிந்திருக்கும். பென்னின் பெயர் சரித்திரத்தில் அடிக்குறிப்பளவே நிற்கிறது.

இரட்டைப் பலகை பின்னர் ஒற்றைப் பலகையாயிற்று. 1985 இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரைச் சேர்ந்த டோனி ஃபின் என்பவர், கடலலையில் ஏறும் பலகையைச் சிறிதாக்கிப் படகின் பின்னே பூட்டி ஸ்கர்ஃபர் எனப் பெயரிட்டார். 1990 இல் ஹேர்ப் ஓபிரையன் என்பார் நீரில் எளிதாய் அமிழ்ந்தெழத்தக்க ஹைப்பர்லைட் என்னும் பலகையை வெளியிட்டார். அதன்பின் இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது. பலகை மாறியது, கயிறு மாறியது, படகும் மாறியது. கதி சீராயிருத்தல் வேண்டும் என்ற ஒரு விதி மாத்திரம் மாறவில்லை.

அது ஏன் என்பதைச் சற்று நோக்குவோம். தாவுகின்றவனுக்கு மேடை அமைத்துக் கொடுப்பது படகு எழுப்பும் அலை. அலையின் வடிவத்தை நிர்ணயிப்பது படகின் கதி. கப்பலின் பின்னே விரியும் அலைகளின் கணிதத்தைக் கெல்வின் பிரபு 1887 இல் வகுத்துக் காட்டினார். ஆழமான நீரில் படகுடன் கூடவே தொடரும் அலையின் நீளம், கதியின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும் என்பது அக்கணிதத்தின் ஒரு பகுதி. ஆகவே கதி பத்தில் ஒரு பங்கு குறையின், அலையின் நீளம் பத்தில் ஒரு பங்கு அன்று, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். படகின் அடிவடிவமும் பாரமும் நீரின் ஆழமும் இதனோடு சேர்ந்தே தொழிற்படும் என்பது உண்மையே. எனினும் அனுபவமும் இதனையே சொல்கிறது. கதி குறைந்தால் அலை செங்குத்தாகி, உச்சி நுரைத்துச் சரிகிறது. கதி மிகுந்தால் அலை நீண்டு தட்டையாகிறது. பழகுவோரை மணிக்கு 25 முதல் 30 கிலோமீற்றர் வரையிலும், தேர்ந்தோரை 34 முதல் 39 வரையிலும் இழுப்பது வழக்கம். அந்த எல்லைக்குள் ஒவ்வொருவருக்கும் உகந்த ஒரு கதி உண்டு. அதற்கேற்பக் கயிற்றின் நீளத்தையும் அளந்து கொள்கின்றனர். ஒரு முறை அளந்தபின் கதி மாறினால், அளந்தது அனைத்தும் வீணாகும்.

தாவுகின்றவன் ஆகாயத்தில் இருப்பது ஒரு செக்கன் என்று கொள்வோம். மணிக்கு 37 கிலோமீற்றர் செல்லும் படகு அந்த ஒரு செக்கனில் 10 மீற்றருக்கு மேல் ஓடிவிடுகிறது. அவன் கணித்தபடி மறுபுறத்து அலையின் சரிவில் இறங்கினால், குன்றின் சாய்வில் கால் வைத்தவன் போல் மெல்ல வழிந்து செல்வான். கணிப்புப் பிழைத்து அதற்கு அப்பாலோ இப்பாலோ சமநீரில் வீழ்ந்தால், வீழ்ச்சியின் முழு விசையையும் முழங்கால்கள் தாங்க வேண்டும். நீர் மென்மையானது என்று நாம் கூறுவது மெல்ல இறங்குவோர்க்கு மாத்திரமே பொருந்தும்.

நுட்பமான அளவு எத்துணை வேண்டும் என்பதனை, இதற்கு மூத்த விளையாட்டாகிய நீர்ச்சறுக்கற் பந்தயத்தால் அறியலாம். அங்கே 259 மீற்றர் நீளமான நேர்ப்பாதை வகுக்கப்பட்டிருக்கும். அதன் இருமருங்கும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீற்றர் தள்ளி ஆறு மிதவைகள். படகு நேரே செல்ல, சறுக்குபவர் வலமும் இடமுமாய் ஆறு மிதவைகளையும் சுற்றிவர வேண்டும். ஆடவர்க்கு உச்சக் கதி மணிக்கு 58 கிலோமீற்றர், மகளிர்க்கு 55. 58 இல் சென்றால் பாதையைக் கடக்க 16.08 செக்கன் ஆகும். அதில் பத்தில் ஒரு செக்கன் பிந்தினால், கதி ஒரு கிலோமீற்றரில் மூன்றிலொரு பங்கு அளவு குறைந்திருக்கிறது என்று பொருள். வென்றவர்க்குக் கயிற்றைப் படிப்படியாகக் குறைப்பர். 10.75 மீற்றருக்குக் குறைந்ததும் கயிறே மிதவையை எட்டாது. எஞ்சிய தூரத்தைச் சறுக்குபவர் தம் உடலை நீட்டியே எட்ட வேண்டும். அந்நிலையில் படகு சிறிது விரைந்தாலும், மாதக்கணக்கான பயிற்சியின் பயனை மிதவைக்கு ஒரு சாணளவு இப்பால் இழக்க நேரும். இக்காரணத்தாலேயே படகின் நேரத்தை அளந்து, அது விதித்த எல்லையை மீறின் மீண்டும் ஓட வாய்ப்பளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. சாரதியின் பிழையைச் சறுக்குபவரின் கணக்கில் எழுதலாகாது என்பதே அவ்வழக்கத்தின் நீதி.

கதியைச் சீராய் வைப்பதில் என்ன அருமை, வேகப்பிடியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் ஆயிற்றே என்று வினவுவோர் இருக்கலாம். பிடி ஓரிடத்தில் நிற்கும். பாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. தாவ எண்ணுபவன் முதலில் வெளிப்புறமாய் விலகுகிறான். பின்னர் பலகையின் விளிம்பை நீரில் அழுத்தியவாறு அலையை நோக்கிச் சீறி வருகிறான். அப்போது கயிற்றின் இழுவை ஏறிக்கொண்டே சென்று, அலையின் உச்சியில் மிகுகிறது. படகு பின்னிழுக்கப்பட்டு அமர்முடுகல் அடைகிறது. அவன் நீரைவிட்டு எழுந்த கணத்தில் நீரின் தடை முற்றாய் நீங்குகிறது. சுமை இறங்கிய மாடு போலப் படகு முன்னே துள்ளுகிறது. அவன் இறங்கும்போது கயிறு தளர்ந்திருந்தால், மறுகணம் அது விறைத்துத் தோளைச் சுண்டி இழுக்கும். இத்தனையும் மூன்று நான்கு செக்கன்களுக்குள் நிகழ்ந்து முடிகின்றன.

தேர்ந்த சாரதி செய்வது யாதெனில், இழுவை ஏறுவதற்குச் சற்று முன்னரே பிடியை மயிரிழையளவு முன்தள்ளுவதும், அவன் அலையைவிட்டு எழுமுன்னரே அதனைத் தளர்த்துவதுமாகும். முன்னரே என்பதில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. பிடியை அசைத்தபின் இயந்திரம் உணர ஒரு கணம், படகின் திணிவு கதி மாற இன்னுமொரு கணம் ஆகிவிடும். கதி குறைந்ததைக் கண்டபின் கூட்டுபவன், குறைவு நீங்கிய வேளையில் மிகையைச் சேர்க்கிறான். மிகையைக் கண்டபின் குறைப்பவன், அடுத்த குறைவுக்கு வித்திடுகிறான். இவ்வாறு படகு ஊஞ்சலாய் ஆடத் தொடங்கும்.

இத்தொல்லை படகோட்டிகளுக்கு மாத்திரம் உரியதன்று. ஜேம்ஸ் வாட் 1788 இல் தமது நீராவி இயந்திரத்துக்குச் சுழலும் இரு குண்டுகளாலான கதியாளி ஒன்றைப் பூட்டினார். இயந்திரம் விரைந்தால் குண்டுகள் விலகி நீராவியின் வாயிலைச் சுருக்கும். தளர்ந்தால் குண்டுகள் தாழ்ந்து வாயிலை விரிக்கும். அருமையான உபாயந்தான். ஆயினும் இத்தகைய கதியாளிகள் பூட்டிய இயந்திரங்கள் சில அமைதியடையாது, கூடியும் குறைந்தும் ஓயாமல் ஊசலாடின. அதன் காரணத்தை ஆராய்ந்து, எந்நிலையில் திருத்தம் அமைதியைத் தரும், எந்நிலையில் திருத்தமே குழப்பத்தை வளர்க்கும் என்பதனை மக்ஸ்வெல் 1868 இல் கணித முறையால் விளக்கினார். இன்று பொறியியல் மாணவர் கட்டுப்பாட்டியல் என்று படிக்கும் சாத்திரத்தின் தொடக்கங்களுள் அக்கட்டுரையும் ஒன்று. மக்ஸ்வெல் சமன்பாட்டில் கண்டதனைப் படகோட்டி தன் உள்ளங்கையில் கற்றுக்கொள்கிறான்.

கதி என்று ஒற்றைச் சொல்லால் கூறிவிடுகிறோம். எந்தக் கதி என்பதும் ஒரு கேள்வி. பழைய படகுகளில் கதிமானி, பிரான்சியராகிய ஹென்றி பிட்டோ 1732 இல் கண்ட குழாய் முறையால் இயங்கியது. நீரை எதிர்நோக்கிய சிறு துவாரத்தில் ஓட்டத்தின் அமுக்கம் ஏறுவதை ஊசி காட்டும். மணிக்கு 36 கிலோமீற்றரில் அந்த அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ அரைப்பங்கு. ஆனால் ஒரு பாசித்துணுக்கோ மணலோ துவாரத்தை அடைத்தால் ஊசி பொய் சொல்லத் தொடங்கும். இயந்திரத்தின் சுழற்சியை நம்பினாலோ, எதிர்காற்றும் ஏறிய ஆட்களின் பாரமும் கணக்கைக் குலைக்கும். இக்காலத்தில் செய்மதிகளின் துணையால் இயங்கும் ஜி.பி.எஸ். கருவி கதியைச் செம்மையாய் அளக்கிறது. அது அளப்பது நிலத்தைச் சார்ந்த கதியை. நிலைநீரில் வேற்றுமை இல்லை. நீரோட்டம் உள்ள ஆற்றிலோ, அலையை எழுப்புவது நீரைச் சார்ந்த கதி.

நம் நாட்டில் நீர்ச்சறுக்கலுக்குப் பேர்பெற்ற பெந்தோட்டை ஆற்றின் கழிமுகத்தில் இதனை எளிதாய் விளங்கிக்கொள்ளலாம். ஓட்டம் மணிக்கு 2 கிலோமீற்றர் என்று கொண்டால், கரையைச் சார்ந்து 36 இல் ஓடும் படகு, எதிர்த்துச் செல்கையில் நீரைச் சார்ந்து 38 இலும், ஓட்டத்தோடு திரும்புகையில் 34 இலும் ஓடுகிறது. அலையின் நீளமோ இரு வழிகளுக்குமிடையே கால் பங்கு வேறுபடும். அங்கு உல்லாசப் பயணிகளை இழுத்துச் செல்லும் படகோட்டி ஒருவரிடம், கதியை எவ்வாறு அறிகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “மாத்தயா, ஊசியைப் பார்த்தால் ஆற்றைப் பார்க்க முடியாது. என்ஜின் சத்தத்தைக் கேட்பேன். ஆளைப் பார்க்கப் பின்னால் பொடியன் இருக்கிறான்” என்று தமிழும் சிங்களமும் கலந்து விடையளித்தார். ஏட்டில் படித்ததனைவிட அவ்விடையில் எனக்குக் கிடைத்தது அதிகம்.

சீரான கதியை இயந்திரத்திடமே ஒப்படைக்கும் முயற்சியும் பழையதே. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தவரான றால்ஃப் ரீற்றர் ஐந்து வயதில் பார்வையிழந்தவர். ஆயினும் தேர்ந்த பொறியியலாளர். பேசும்போது காரின் கதியைக் குறைத்தும், கேட்கும்போது கூட்டியும் ஓட்டும் நண்பர் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து அவர் அல்லற்பட்டதாகக் கூறுவர். காணாதவர்க்கே அந்தக் குலுக்கல் நன்கு தெரிந்தது போலும். காரின் கதியைத் தானே காக்கும் கருவிக்கு 1950 இல் அவர் காப்புரிமை பெற்றார்; 1958 இல் கிறைஸ்லர் கார்களில் அது இடம்பெற்றது. படகுகளுக்குரிய கருவிகள் 1990களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பேர்பெக்ட் பாஸ் என்ற பெயரில் வந்தன. பின்னர் ஜி.பி.எஸ். அவற்றோடு இணைந்தது. இன்று இழுவைக்கென்றே கட்டப்படும் படகுகளில் சாரதி வேண்டிய கதியை எண்ணால் குறித்துவிட்டால், கருவி செக்கனுக்குப் பலமுறை அளந்து திருத்திக்கொள்கிறது.

ஆயின் பாகனுக்கு இனி வேலை இல்லையா? யான் அவ்வாறு கருதவில்லை. நீரில் அமர்ந்திருப்பவனை எழுப்பும் முதற் சில செக்கன்கள் இன்றும் மனிதக் கையையே வேண்டுகின்றன. மெல்லக் கயிற்றை விறைப்பித்து, அவன் தயார் என்றதும் படிப்படியாய் ஆர்முடுகல் கொடுக்க வேண்டும். திடீரென இழுத்தால் கைப்பிடி பறிபோகும். தயங்கி இழுத்தால் அவன் நீரைக் குடிப்பான். படகு செல்லும் வழியில் நீந்துவோரையும் வள்ளங்களையும் கருவி காணாது. பின்னால் இருப்பவன் பெருவிரலை உயர்த்தினால் கதியைக் கூட்டவும், தாழ்த்தினால் குறைக்கவும், கழுத்தின் குறுக்கே கையை வீசினால் நிறுத்தவும் வேண்டும் என்பதனை வாசிக்கப் படகில் ஒரு மனிதன் இருக்க வேண்டும். சாரதி முன்னே பார்க்க வேண்டியவன். ஆதலால் பின்னே பார்க்க மற்றொருவர் அமர்தல் நன்று. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இதற்குச் சட்டமே உண்டு. பெந்தோட்டைப் பொடியன் சட்டம் படித்திருக்கமாட்டான். அவனுடைய வேலை அதுவே.

விழுந்தவனை மீட்கும் வேளையே எல்லாவற்றிலும் இக்கட்டானது. படகு கதி தணிந்து திரும்ப வேண்டும். விழுந்தவன் சாரதியின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவன் படகில் ஏறுமுன் இயந்திரம் நிறுத்தப்பட வேண்டும். நீருக்கடியில் சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. அதற்கு எதிரி, நண்பன் என்ற பேதமும் தெரியாது. இயந்திரம் ஓடுகையில் படகின் பின்தட்டில் தொங்குவதும் ஆபத்தே. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் இன்றி மயக்கிக் கொல்லும். இவ்வாறு உயிரிழந்தோர் உண்மையாகவே உள்ளனர். கதியைச் சீராய்க் காப்பவன் காப்பது அலையின் வடிவத்தை மாத்திரமன்று. கயிற்றின் முனையில் தன்னை நம்பித் தொங்கும் ஓர் உயிரையும் அவனே காக்கிறான். முதலாவது காவலைக் கருவி ஏற்றுக்கொண்டமை நன்மையே. இரண்டாவதற்கு அவன் கண்ணும் மனமும் முன்னிலும் அதிகமாய் ஒழிந்து கிடைக்கின்றன. கருவி இருக்கிறதென்று அவற்றையும் உறங்கவிட்டால் பழி கருவியைச் சாராது.

இவ்விதழை வாசிப்போரிற் பலர் ஆசிரியர்கள். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளுள் ஒருவன் திடீரெனப் பாய்கிறான், ஒருத்தி தயங்குகிறாள், இன்னொருவன் விழுகிறான். ஒவ்வொரு பாய்ச்சலும் ஒவ்வொரு தயக்கமும் நடத்துபவரைப் பின்னிழுக்கவும் முன்தள்ளவும் செய்கின்றன. அத்தனைக்கும் ஈடுகொடுத்து ஒரே சீராய் நாளை நடத்தி முடிப்பவரின் உழைப்பு எத்தகையது என்பதனை அவர்களுக்கு யான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பரிசளிப்பு விழாவில் மேடையேறுபவர் பாய்ந்த பிள்ளையே. அது அவ்வாறே இருக்கத்தக்கது.

பெந்தோட்டைக்கோ வேறெந்த நீர்நிலைக்கோ செல்லும் அன்பர்கள், ஆகாயத்தில் சுழல்கின்றவனைப் பார்த்து மகிழட்டும். அவன் இறங்கியபின் ஒருகணம் கயிற்றின் வழியே கண்ணை ஓட்டி, படகில் இருப்பவரையும் நோக்குவார்களாயின், அலை ஏன் அவ்வளவு ஒழுங்காய் எழுந்தது என்பதற்குரிய விடை அங்கே, ஒரு கையைப் பிடியிலும் மறுகையைச் சுக்கானிலும் வைத்தவாறு, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்.